விழாவுக்கு வெளியே நிற்கும் பிள்ளை

மார்கழியும் தையும் வந்துவிட்டால் நம் பள்ளிக்கூடங்களில் ஒரு தனிக் களை கட்டிவிடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழா, ஆண்டு விழா, விளையாட்டு விழா, இன்பச் சுற்றுலா, இறுதி வகுப்பினருக்குப் பிரிவு உபசாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். பந்தல் எழும், ஒலிபெருக்கி முழங்கும், அதிபர் தந்தையோ அன்னையோ தலைமை தாங்குவர், பெற்றோர் நேரத்தோடு வந்து முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொள்வர். இவை யாவும் நன்றே. விழா இல்லாத பள்ளி விளக்கேற்றாத வீடு போன்றது. மேடைக்குப் பின்னால் திரையோரம் நின்று, தன் முறை வருவதற்காக நெஞ்சு படபடக்கக் காத்திருந்த பிள்ளை, அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வதைப் பாடநூல் ஓராண்டிலும் கற்பித்துவிடாது.

ஆயினும் விழா முடிந்தபின் ஒரு நாள் வருகைப் பதிவேட்டைச் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். சுற்றுலா சென்ற நாளில் வராதவர் யார்? வகுப்புப் புகைப்படம் எடுத்த அன்று காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவர் யார்? ஒத்திகை தொடங்கியதும், “எனக்கு ஆட வராது, டீச்சர்” என்று தாமாகவே ஒதுங்கிக்கொண்டவர் யார்? இப்பெயர்களை ஒரு தாளில் எழுதி, அலுவலக மேசையிலிருக்கும் கட்டண பாக்கிப் பட்டியலுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், எத்தனை பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன என்பது விளங்கிவிடும். வகுப்பாசிரியைக்கு இது புதிய செய்தியன்று. அவர் அறிவார். அறிந்தும் வாய் திறக்க இயலாத நிலையில் பலர் இருக்கின்றனர்.

சென்ற ஆண்டு நம்மைக் காண ஒரு தாய் வந்தார். உப்பளத்தில் வேலை செய்பவர். மகள் ஐந்தாம் வகுப்பு. நடனத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று வாரம் பழகியிருக்கிறாள். உடை வாடகை, ஒப்பனை என்று 850 ரூபாய் கட்டச் சொன்ன நாளுக்குள் கட்ட முடியவில்லை. மறுநாள் வேறொரு பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டனர். அதோடு விட்டிருந்தாலும் ஒருவாறு பொறுத்திருக்கலாம். விழா அன்று மாலை அந்தச் சிறுமியை மேடைக்குப் பின்னால் அழைத்துவைத்து, ஆடப்போகும் பிள்ளைகளுக்குப் பூ வைத்துவிடும் வேலையைக் கொடுத்திருக்கின்றனர். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுத்ததாக நாம் கருதவில்லை. ‘பிள்ளை விழாவில் இருக்கட்டுமே’ என்ற இரக்கமாகவும் இருந்திருக்கலாம். அந்தத் தாய் நம்மிடம் பண உதவி கேட்கவில்லை. “வேற ஸ்கூலுக்கு மாத்திடலாமா சாமி? இங்க போக மாட்டேங்குறா” என்றுதான் கேட்டார். அப்பள்ளி எது என்பது இங்கு வேண்டாத செய்தி. இத்தகைய தாய்மார் எல்லாப் பங்குகளிலும் இருக்கின்றனர் என்பதே வேண்டிய செய்தி.

வறுமை ஒரு பிள்ளையை வருத்துவது அதன் வீட்டில் அன்று. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கஞ்சிதான். அங்கே அது வெட்கப்படுவதில்லை. நாற்பது பேர் நடுவில் தான் ஒருவனாய்த் தனித்து எழுந்து நிற்கையில்தான் அது தன்னை ஏழை என்று அறிந்துகொள்கிறது. அப்படி அறிந்துகொண்ட பிள்ளை முதலில் கற்பது பொய்யை. சுற்றுலாச் சீட்டை வீட்டில் காட்டாமல் கிழித்தெறிந்துவிட்டு, ஆசிரியரிடம் பாட்டி ஊருக்குப் போகிறேன் என்று சொல்கிறது. தாயிடம், எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்று சொல்கிறது. இரண்டு பொய்களும் பெற்றோரைக் காப்பாற்றவே சொல்லப்படுபவை. பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் மானத்தைத் தான் சுமக்கிறது! மறுபுறம், சீட்டைக் கண்டுவிட்ட தாயோ மகளிர் குழுவில் கடன் வாங்குகிறாள். இல்லையேல் தோட்டை அடகு வைக்கிறாள். ஐந்து நிமிட நடனத்துக்கு அடகு வைத்த தோடு மீளாமலே போன வீடுகளும் உண்டு.

ஏழை வீட்டின் வருமானம் மாதச் சம்பளம்போல் முதல் தேதியில் வருவதன்று என்பதைப் பள்ளி நிர்வாகத்தினர் நினைவிற்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடியும் அதே ஜூனில்தான் பள்ளி திறக்கிறது. கட்டணம், சீருடை, நோட்டு, பை எல்லாம் ஒரே மூச்சில் வந்து நிற்கின்றன. உப்பளங்களிலோ வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். மீண்டும் பாத்தி கட்டித் தொழில் தொடங்கத் தை மாதம் ஆகிவிடும். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வெயில் வேண்டும். மழைக்காலத்தில் அங்கும் கை ஓய்ந்துவிடும். நம் விழாக்களும் அவற்றுக்கான வசூலும் எந்த மாதங்களில் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் காசு அறவே இல்லாத வாரங்களாகப் பார்த்துத்தான் சுற்றறிக்கை போய்ச் சேருகிறது.

இக்காலத்தில் புதியதொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. வகுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் வீட்டுப்பாடம் வருகிறது. விடுமுறை அறிவிப்பு வருகிறது. ‘இன்னும் பணம் கட்டாதோர்’ என்று ஒரு பெயர்ப் பட்டியலும் வந்துவிடுகிறது. முன்பு வகுப்பறை நாற்பது பேருக்கு மட்டும் தெரிந்தது, இன்று எண்பது பெற்றோர் கைகளில், அவர்கள் வீட்டுத் திண்ணைகளில். பட்டியலை அனுப்பியவர் நினைவூட்டத்தான் அனுப்பினார். ஆனால் சந்தையில் தண்டோரா போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு விளங்கவில்லை.

பள்ளிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சுயநிதிப் பள்ளியில் ஆசிரியர் ஊதியம் பிள்ளைகளின் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். உதவிபெறும் பள்ளியிலும் கட்டடப் பழுது, துப்புரவு, மின்சாரம், நிரப்பப்படாத பணியிடங்களுக்கு நிர்வாகமே வைக்கும் ஆசிரியர் என்று செலவுக்குக் குறைவில்லை. பேருந்துக்காரர் இலவசமாக ஓட்டுவதில்லை. உடை வாடகைக்கடைக்காரர் கடன் சொல்வதில்லை. வசதி இருந்தும், ‘எப்படியும் விட்டுவிடுவார்கள்’ என்று இழுத்தடிக்கும் பெற்றோரும் உண்டு. திருமண மண்டபத்துக்கு லட்சம் செலவழித்துவிட்டுப் பள்ளிக் கட்டணத்துக்குச் சலுகை கேட்போரையும் நாம் அறிவோம். அருட்சகோதரியரும் அருட்சகோதரரும் இவர்களோடு படும் பாட்டைச் சொல்லி மாளாது. ஆனால் இவர்களிடம் கண்டிப்பாய் இருக்க வேண்டுமாயின், பெற்றோரை அலுவலகத்துக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதே முறை. தகப்பனின் கடனுக்கு மகனைப் பிணையாகப் பிடித்தல் ஆகாது. தந்தையின் பழியை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் 18ஆம் அதிகாரத்தில் எவ்வளவு விரிவாக எடுத்துரைக்கிறார்!

தொடக்கத் திருச்சபையிலும் இதே சிக்கல் தலைகாட்டியது. புனித யாக்கோபின் திருமுகம் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தொழுகைக்கூடத்தில் பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தவருக்கு நிற்க ஓரிடமோ கால்மாட்டில் தரையோ காட்டப்படுவதைச் சொல்லி, இது விசுவாசத்துக்கே முரண் என்று கடிந்துகொள்கிறார். கொரிந்து நகரிலோ இன்னும் மோசம். அன்பு விருந்துக்கு வசதியுள்ளோர் தம் உணவைக் கொண்டுவந்து தாமே முந்தி உண்டுவிட, ஏழைகள் பசித்திருந்து பார்த்துக்கொண்டிருந்தனர். பவுலடியார் சினந்து எழுதியது உணவின் அளவைப் பற்றி அன்று. இல்லாதவரை வெட்கத்துக்கு உள்ளாக்கியதைப் பற்றி. அதை அவர் இறைவனின் திருச்சபையையே அவமதித்ததாகக் கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11ஆம் அதிகாரம். நற்கருணை நிறுவப்பட்ட வரலாற்றை அவர் சொல்லத் தொடங்குவதே இந்த இடத்தில்தான் என்பதையும் கவனித்தல் நன்று.

நம் பள்ளிகளின் முன்னோடிகள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். புனித யோசேப்பு கலசான்ஸ் 1597இல் உரோமை நகரின் திராஸ்தேவரே பகுதியில், ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு கோவில் வளாகத்தில் கட்டணமில்லாப் பள்ளியைத் தொடங்கினார். புனித ஜான் பாப்திஸ்து தெ லசால் 1679இல் பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் பள்ளிப் பணியில் இறங்கினார். அவர் காலத்தில் இலவசப் பள்ளி என்றால், பங்கின் ஏழைகள் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதே வழக்கு. லசாலோ வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டார். செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே இருக்கையில் அமர்ந்தனர். பாரிசு நகரில் கட்டணம் வாங்கி எழுத்து கற்பித்துவந்த ஆசிரியர் சங்கத்தார், கட்டணம் தர வல்லவர் பிள்ளைகளையும் இவர் இலவசமாகச் சேர்க்கிறாரே என்று அவர்மீது வழக்குத் தொடுத்தனர், தண்டமும் விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும், ‘ஏழை என்று சான்று காட்டு’ என்று பிள்ளையைப் பிரித்து நிறுத்தும் ஏற்பாட்டுக்கு அவர் உள்ளம் இசையவில்லை. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். நம் பள்ளிச் சுவர்களில் இவர் படம் தொங்குகிறது. படத்தின் கீழே பாக்கிப் பட்டியலை ஒட்டாதிருப்போமாக.

சுற்றுலா பற்றிப் பேசுகையில் தொன் போஸ்கோவை விட்டுவிட இயலாது. 1831இல் கியேரி நகருக்குப் படிக்கப் புறப்பட்டபோது, தம் சிற்றூரில் வீடு வீடாகச் சென்று தானியமும் முட்டையும் கேட்டுப் பெற்றுச் சென்றவர் அவர். கேட்டு நிற்பதன் கூச்சத்தை அவர் யாரிடமும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. தூரின் நகரில் ஜெனராலா என்னும் சிறார் சீர்திருத்தச் சிறைக்கு அவர் சென்றுவருவதுண்டு. 1855இல் அங்கிருந்த ஏறத்தாழ 300 சிறுவர்களை, காவலர் ஒருவரும் உடன் வராமல், ஸ்துப்பினீஜி என்ற இடத்துக்கு ஒருநாள் உலாவுக்கு அழைத்துச் சென்றார் என்றும், மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பினர் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். நடந்தே சென்றனர்; நடந்தே திரும்பினர். ‘நல்ல நடத்தையுள்ளோர் மட்டும்’ என்று பொறுக்கி எடுத்திருந்தால் அது வேறு கதையாக இருந்திருக்கும். சிறைச்சாலைச் சிறுவரையே ஒருவரும் விடுபடாமல் அழைத்துச் சென்றவரின் பெயரால் நடக்கும் பள்ளிகள் நம் நாட்டில் எத்தனையோ உள்ளன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், உலகச் செல்வத்தில் வறியோருக்குக் கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1977இல் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் விடுத்த ‘கத்தோலிக்கப் பள்ளி’ என்ற ஏடு இன்னும் ஒரு படி மேலே சென்றது. கத்தோலிக்கப் பள்ளி வசதியுள்ள வகுப்பாரை மட்டுமோ, பெரிதும் அவர்களையோ நாடுமாயின், நீதியற்ற சமுதாயம் நிலைக்கத் தானே துணைபோவதாகும் என்பது அதன் கருத்து. சேர்க்கையைப் பற்றி மட்டும் இது சொல்லப்பட்டதாக எண்ண வேண்டா. வாயிற்படிக்குள் சேர்த்துக்கொண்டு, மேடைப்படியில் தடுப்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

நாட்டுச் சட்டமும் ஓரளவு பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை உடலால் தண்டிப்பதோடு மனத்தால் துன்புறுத்துவதையும் 17ஆம் பிரிவில் தடை செய்தது. அச்சட்டப்படி 25 விழுக்காட்டு இடங்களில் சேர்க்கப்படும் ஏழைப் பிள்ளைகளை மற்றவரிடமிருந்து பிரித்து வைக்கலாகாது. நூல், சீருடை, நூலகம் இவற்றிலும், விளையாட்டு, கலை முதலிய பாடத்துக்குப் புறம்பான செயல்களிலும் வேறுபாடு காட்டலாகாது என்று 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் உரிமை காக்கப்பட்டதில் மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அரசமைப்பின் 30ஆம் கூறு நமக்கு அளித்த உரிமை, ஏழைப் பிள்ளையைப் பிறர் பள்ளியைவிடக் குறைவாக நடத்துவதற்கு அன்று. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நாமே முந்திக்கொள்வதல்லவா அழகு?

பிற நாட்டார் செய்ததையும் அறிந்துகொள்வோம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டமும் பின்வந்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் ஓர் ஏற்பாட்டை வகுத்தன. அரசு நிதியில் நடக்கும் பள்ளி, பள்ளி நேரத்தில் நடத்தும் கல்விச் செயலுக்குக் கட்டணம் விதிக்கலாகாது. சுற்றுலாவுக்கென விருப்ப நன்கொடை கேட்கலாம். கொடுக்காத வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுச் செல்லலாகாது. போதிய பணம் சேரவில்லையேல் அந்தச் சுற்றுலாவையே கைவிட வேண்டியதுதான். எல்லோரும் போவது, அல்லது ஒருவரும் போகாதிருப்பது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றினும், பெற்றோரை ஒருவருக்கொருவர் பொறுப்பாளராக்கிவிடும் விதி இது.

அவ்வளவு தொலைவுக்குப் போவானேன்? நம் மாநிலத்திலேயே காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் விரிவாக வந்தன. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு 2024இல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பந்தியில் அமரும் பிள்ளையிடம் ‘உன் தகப்பன் என்ன கட்டினான்?’ என்று எவரும் கேட்பதில்லை. சீருடை எதற்காக வந்தது? பட்டும் பருத்தியும் ஒன்றையொன்று பார்த்துக் கூசாதிருக்கத்தானே! ஆண்டு முழுவதும் சீருடை அணிவித்துச் சமமாக அமரவைத்துவிட்டு, விழா நாளில் மட்டும் அந்தச் சமத்துவத்தை அவிழ்த்துப் போடுகிறோம்.

இதை எழுதும்போது பள்ளியை மட்டும் சாடுவது நேர்மையாகாது. பங்கிலும் இதற்கு உறவுமுறை உண்டு. திருவிழா வரி பாக்கியென்றால் சப்பரம் அந்தத் தெருவில் நிற்பதில்லை என்ற கட்டுப்பாடு சில ஊர்களில் இருந்துவந்திருக்கிறது. வரி பாக்கி தீர்ந்தால்தான் திருமண ஓலை வாசிக்கப்படும் என்ற ஊர்க்கமிட்டி வழக்கும் உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 848ஆம் சட்டத்தில், ஏழ்மை காரணமாக எவருக்கும் அருட்சாதன உதவி இல்லாமற்போகாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 1181ஆம் சட்டத்தில், அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து வேறுபாடு காட்டுவதையும் விலக்குகிறது. புது நன்மைக்கு வெள்ளைக் கவுன் வாங்க இயலாமல் மகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் தாய்க்கு இச்சட்டங்கள் தெரியாது. கோவிற்பிள்ளையும் மறைக்கல்வி ஆசிரியரும் அறிந்திருந்தால் போதும்.

நம் கோவிலிலேயே நல்ல முன்மாதிரி ஒன்றும் இருக்கிறது. பீடச் சிறுவர் அணியும் அங்கிகளை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. சக்கிறீஸ்து அலமாரியில் வரிசையாகத் தொங்குகின்றன. அளவுக்கு ஏற்றதை எடுத்து அணிந்துகொள்கின்றனர், முடிந்ததும் மாட்டிவிடுகின்றனர். படகு உரிமையாளர் மகனும் வலை இழுப்பவர் மகனும் ஒரே அங்கியில் அடுத்தடுத்த ஞாயிறு நிற்பதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! பள்ளியில் இதைச் செய்யத் தடை என்ன? ஆண்டுதோறும் வாடகைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு துணி வாங்கி, பங்கிலுள்ள தையல் தெரிந்த மகளிர் நால்வரைக் கேட்டால், மூன்றாண்டில் ஓர் அலமாரி நிறைந்துவிடும். சீருடையிலேயே ஆடக்கூடிய கோலாட்டமும் கும்மியும் நம்மிடம் இல்லையா? திரைப்பாட்டு நடனத்துக்குத்தான் மினுக்குத் துணி வேண்டியிருக்கிறது. (திரைப்பாட்டு நடனம் நம் பள்ளி மேடைகளில் ஏன் என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.)

சுற்றுலாவுக்கு உறை முறை ஒன்றைச் சில இடங்களில் கையாள்கின்றனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உறை கொடுக்கப்படும். எல்லோரும் ஒட்டித் திருப்பித் தர வேண்டும். வகுப்பில் ஒரு பெட்டியில் போட்டுவிடலாம். இயன்றவர் முழுத் தொகை வைப்பர். சிலர் கூடுதலாகவும் வைப்பர். இயலாதவர் வெறும் உறையை ஒட்டிப் போடுவர். உறையின்மேல் பெயர் இல்லை. ஞாயிறு காணிக்கைத் தட்டில் யார் எவ்வளவு போட்டார் என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லையே! தொகை குறைந்தால் ஊர் குறையலாம். உதகமண்டலத்துக்கு நாற்பதில் முப்பது பேர் போவதைவிட, பக்கத்து அணைக்கட்டுக்கு நாற்பது பேரும் கட்டுச்சோற்றோடு போவது மேல்.

வின்சென்ட் தே பவுல் சபையார் பெரும்பாலான பங்குகளில் உள்ளனர். 1833இல் பாரிசில் இச்சபையைத் தோற்றுவித்த பிரெடெரிக் ஓசானாமும் தோழரும், ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று காண்பதை முதற்பணியாகக் கொண்டனர். எந்த வீட்டில் எந்த மாதம் வேலையில்லை என்பது இவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியரும் சபைத் தலைவரும் சுற்றறிக்கை அச்சாகும் முன்பே ஒருமுறை கலந்து பேசினால், பாதிச் சிக்கல் பிள்ளையின் காதுக்கே எட்டாது. ஆனால் உதவி செய்த பிறகு அப்பிள்ளையை மேடையேற்றி, கொடையாளர் கையால் நோட்டுப் புத்தகம் கொடுக்கவைத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் வேண்டா. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கச் சொன்ன ஆண்டவர், அதை முகநூலில் இடச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி, வசதியுள்ள பெற்றோரே, உங்களிடம் ஒரு சொல். செலவு ஏறுவதற்குப் பள்ளி மட்டும் காரணமன்று. ‘அந்தப் பள்ளியில் விமானத்தில் கூட்டிப்போனார்களாம், நம் பள்ளியில் ஏன் இல்லை?’ என்று கூட்டத்தில் எழுந்து கேட்பவர் நீங்கள்தாம். உங்கள் மகன் பக்கத்து இருக்கையில் அமர்பவன் பெயர் உங்களுக்குத் தெரியும். அவன் சுற்றுலாவுக்கு வருகிறானா என்று மகனிடம் கேளுங்கள். தெரியாது என்றால் கேட்டுவரச் சொல்லுங்கள். யாருக்கும் சொல்லாமல் கேட்டுவரச் சொல்லுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் ஆண்டு விழாவுக்கு முன் ஒருமுறையேனும் கூடும். அதன் நிகழ்ச்சி நிரலில் தலைமை விருந்தினர் யார், பந்தல் யாருக்கு, சிற்றுண்டி என்ன என்று பல உருப்படிகள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக, ‘பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் விடுபடாதிருக்க என்ன ஏற்பாடு?’ என்பதை முதல் உருப்படியாக எழுதும்படி நம் மறைமாவட்டப் பள்ளித் தாளாளர்களையும் தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். கடைசி உருப்படியாக எழுதினால், தேநீர் வந்துவிடும். அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவர்.